கேட்கும் முன்னே கொடுத்தவர்

பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிற வாரத்தில், வாடகையைக் கூட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரனைத் தேடி வந்த ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் மாடியில் ஐந்து வருடம் குடியிருந்தார். பெயர் வேண்டாம். இப்போதும் அதே ஆஸ்பத்திரியில், அதே பில்லிங் கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் வீடு கரமனையில். அப்பா பூதப்பாண்டியிலிருந்து எல்லை தாண்டி, இந்த மலையாள நகரத்துச் சாலை பஜாரில் கணக்கெழுத வந்தவர். அவர் கட்டிய வீட்டின்மேல் நான் வங்கிக் கடன் வாங்கி மாடி எழுப்பினேன். ஐந்தாம் தேதி வந்தால் தவணைத் தொகையை வங்கி என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாடி வாடகை வந்தால்தான் அந்தத் தவணைக்குக் காசு திகையும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் செய்ததற்கும் செய்யாமல் இருந்ததற்கும் இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அவருக்கு முன்பு மாடியில் இருந்தவர் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர். நல்ல மனிதர்தான். ஆனால் வாடகைக்காக மாதம் மூன்று தடவை நான் படியேற வேண்டும். ஏறினால் தேநீர் தருவார், கிரிக்கெட் பேசுவார், அடுத்த வாரம் என்பார். அவர் காலி செய்தபோது, இனி வருகிற ஆள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வாடகையை நேரத்துக்குத் தந்தால் போதும் என்று என் மனைவியிடம் சொன்னேன். அப்படியே ஒருவர் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். அவர், கணவர், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள். சொந்த ஊர் தக்கலைப் பக்கம். நான் வாடகை பதின்மூவாயிரம் என்று சொல்லி, முன்பணத்தைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் அவர் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

"தரகர் அறுபதுன்னு சொன்னாரு சார். எண்ணிப் பாத்துக்கிடுங்க."

"முதல்ல வீட்டை முழுசா பாருங்க. அதுக்குள்ள எதுக்கு?"

"பாத்தாச்சு சார். தண்ணி உண்டு, ஸ்கூல் பக்கத்துல உண்டு. பின்னே என்ன?"

அவருடைய கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாடகையில் ஐந்நூறோ ஆயிரமோ குறைக்க முடியுமா என்று கேட்கப் போகிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கணவரின் முழங்கையைத் தொட்டார். கணவர் வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னார். ஐந்து வருடமும் அதை ஏதாவது ஒரு சாக்கில் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஒருத்தரைக் கேக்க வைக்கப்படாது சார். கேட்டுட்டா அப்பறம் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல."

முதல் தேதி காலை ஏழு மணிக்கு என் கைப்பேசியில் மணி அடிக்கும். வாடகை வந்துவிட்டது என்ற செய்தி. ஞாயிறானாலும் ஓணமானாலும் அதே ஏழு மணி. ஒரு தடவை அவருடைய மாமனார் இறந்து எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அடக்கம் நடந்ததற்கு மறுநாள் ஒன்றாம் தேதி. அன்றைக்கும் வந்தது.

என் மனைவியை அவர் மைனி என்று கூப்பிடுவார். அந்த முறையில் நான் சாரிலிருந்து மெல்ல அண்ணன் ஆனேன். இருவரும் சேர்ந்து வெளியே போய் வந்தால் என் மனைவி கதை சொல்வாள். பஸ்ஸில் ஏறும்போதே டிக்கெட்டுக்கான சில்லறை அவர் கைக்குள் இருக்குமாம். ஆட்டோவில் இறங்குவதற்கு ஐம்பது அடி முன்பே காசை நீட்டிவிடுவாராம். ஓட்டுநர் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறு கையால் வாங்க வேண்டும். ஓணத்துக்குக் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் வசூலுக்கு வந்தால், நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருப்போம். மாடிக்குப் போகத் திரும்புகிறவர்களிடம் செயலாளர் சொல்வார், "மேலே போகண்டா. அவங்க முந்தாநாளே வீட்டுக்கு வந்து தந்துட்டாங்க."

எங்கள் வீட்டிலிருந்து குழம்போ பாயசமோ மேலே போனால், பாத்திரம் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வரும். உள்ளே ஏதாவது இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் நாலு முருங்கைக்காய். ஒருமுறை கேஸ் தீர்ந்தது தெரிந்து என் மனைவி வற்புறுத்தியதால் எங்கள் உபரி சிலிண்டரை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கணவர் பைக்கின் பின்னால் சிலிண்டரைக் கட்டி வைத்து, கொண்டு வந்து இறக்கினார். "இவ்வளவு அவசரம் என்ன?" என்று நான் கேட்டேன். அவர் மாடியைக் காட்டிச் சிரித்தார்.

இதெல்லாம் கேட்கும்போது நல்ல குணமாகத்தான் தெரிந்தது. இதன் மறுபக்கத்தை என் மனைவி ஒரு ஏப்ரல் மாதத்தில் பார்த்தாள். மத்தியானம் எதையோ கொடுக்க மேலே போனவள் உடனே இறங்கி வந்து என்னைத் திட்டினாள். மாடியில் மட்டும் ஒரு பக்கத்து மின்சாரம் இரண்டு நாளாக இல்லை. மின்விசிறி ஓடவில்லை. மகள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என் சுவருக்குள் போன என் வயர்தான் எரிந்திருந்தது. சரிசெய்ய வேண்டியவன் நான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணே. நீங்க ஆபீஸ் விட்டு களைச்சு வருவியளோ..." என்று இழுத்தார். அதற்குள் அவரே ஒரு எலக்ட்ரீஷியனைப் பேசி வைத்திருந்தார். அந்தக் கூலியை அவர் கொடுத்துவிடாமல் நான் முந்திக்கொண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அடுத்தவரைக் கேட்க வைக்கவும் மாட்டார், தானும் கேட்க மாட்டார். இப்படி ஒரு ஆள் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன்.

கணவர் முதலில் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். கம்பெனி ஆளைக் குறைத்தபோது திரும்பி வந்துவிட்டார். பிறகு விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்கு ஆள் வைக்கிற ஒரு சப்கான்ட்ராக்டரிடம் சேர்ந்தார். வேலை இருந்தது. கூலிதான் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தவர், நான் ஒன்றும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"மூணு மாசமா நிக்குது அண்ணாச்சி. மேலேருந்து பில் பாசாகல்லன்னு சொல்லுகான். பெரிய கம்பெனிக்காரன் இவனுக்குத் தரணும், இவன் எங்களுக்குத் தரணும். அதுவரைக்கும்..."

மாடியிலிருந்து அவருடைய பெயரைச் சொல்லி மனைவி கூப்பிடும் சத்தம் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. அவர் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது அடுத்த மாதம் நடந்ததை. முதல் தேதி ஏழு மணிக்கு வாடகை வந்தது. ஆனால் செய்தியில் அனுப்பியவர் பெயர் அவருடையதாக இல்லை. நான் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. நான் ஒரு கார் விற்பனை நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறவன். தேடிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிரெடிட் கார்டிலிருந்து வீட்டு வாடகை கட்ட உதவுகிற செயலி அது. கார்டுக்காரரிடம் கொஞ்சம் கட்டணம் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரனுக்கு முழு வாடகையை அனுப்பிவிடும்.

பாயிண்டு சேர்ப்பதற்காகச் சிலர் அப்படிக் கட்டுவதுண்டு. அவரும் அதற்காகத்தான் கட்டுகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. மூன்று மாதக் கூலி நிற்கிற வீட்டில் பாயிண்டு எதற்கு? ஆனாலும் ஐந்தாம் தேதித் தவணை ஒழுங்காகப் போனது. அடுத்த மாதமும் அதே கம்பெனியின் பெயர். அதற்கடுத்த மாதமும்.

முழு விஷயமும் எனக்குத் தெரிந்தது அவருடைய ஆஸ்பத்திரியில். என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவைசிகிச்சை ஆகியிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் அனுமதி பகல் இரண்டு மணி ஆகியும் வரவில்லை. மனைவி சக்கர நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கவுண்டரின் முன்னால் நின்று நண்பர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அவர் என்னைப் பார்த்தார். மைனியைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்து இயந்திரத்தில் தேய்த்தார். இருபத்தெட்டாயிரம் சொச்சம்.

"என்ன செய்யுறீங்க? வேண்டாம்" என்றேன்.

"மைனிக்கு வலிக்கும் அண்ணே. கூட்டிட்டுப் போங்க. இன்சூரன்ஸ் வந்ததும் தந்தாப் போரும். கார்டுதானே, நம்ம காசா?"

கார்டைத் திரும்ப வைத்தபோது கைப்பை திறந்தபடி இருந்தது. உள்ளே நான்கு கார்டுகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி எண் எழுதியிருந்தது. ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது, இருபத்தாறு.

"இது என்ன நம்பர்?"

"தேதி அண்ணே. எதை எப்போ அடைக்கணும்னு. மறந்துட்டா அவன் போன் செய்து கேப்பான்."

ஒரு கார்டின் பாக்கியை இன்னொன்றால் அடைத்து, அதன் பாக்கியை மூன்றாவதால் அடைத்து மாதத்தை ஓட்டுகிறார் என்பதற்கு எனக்கு அந்த நாலு எண்கள் போதும். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"வாடகையும் இதிலேருந்துதானா?"

அவர் பில்லைக் கிழித்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "ஒண்ணாம் தேதி வந்துருதா இல்லியா அண்ணே?"

"வந்துருது."

"பின்னே?"

பின்னால் வரிசையில் நின்றவர் முதுகில் இடித்தார். பில்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் இன்சூரன்ஸ் வந்ததும் அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்த மனைவியிடம் கார்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க அவங்ககிட்ட பேசணும்" என்றாள்.

"என்னன்னு பேச?"

"கூலி வந்தப்பறம் வாடகை தந்தாப் போதும்னு."

"அஞ்சாம் தேதி தவணைக்கு என்ன செய்ய?"

"அப்போ நம்ம தவணையை அவங்க கார்டு அடைக்குது. அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் பேசவில்லை. பேசலாம் என்று இரண்டு மூன்று தடவை படியருகே போய் நின்றதுண்டு. அவர் மேலிருந்து இறங்கி வருவார், "என்ன அண்ணே, தண்ணி மோட்டாரா?" என்பார். ஆமாம் என்று சொல்லி மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இது நடந்து இரண்டு மாதத்தில்தான் முதலில் சொன்ன சம்பவம். கையில் பழைய ஒப்பந்தத்தின் நகலோடு கீழே வந்தார். "பதினொண்ணு மாசம் ஆயாச்சு அண்ணே. அஞ்சு சதவீதம் கூட்டணும்னு இதுல உண்டு. நீங்க ஒண்ணும் சொல்லல்ல."

"இந்த வருஷம் அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துக்கலாம் என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த ஒன்றாம் தேதி வாடகை ஐந்து சதவீதம் கூடுதலாக வந்தது. நான் திருப்பி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் ஓடியிருக்கும். ஒருநாள் அலுவலகத்தில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மலையாளத்தில் ஒரு இளைஞன், மிகவும் மரியாதையாகப் பேசினான். இந்தப் பெயருள்ளவர் உங்கள் வீட்டில்தானே குடியிருக்கிறார், அவர் போனை எடுப்பதில்லை, ஒரு கார்டு பாக்கி விஷயம், கொஞ்சம் சொல்ல முடியுமா என்றான். தப்பான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அவரைக் காப்பாற்றவா, அல்லது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைக் காப்பாற்றவா?

மறு வாரம் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். சாயங்காலம் ஐந்தரை மணி. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. எவ்வளவு பாக்கி, எத்தனை மாதமாகப் பாக்கி, எப்போது தருவீர்கள் என்று உரக்கக் கேட்டார்கள். சைக்கிள்கள் நின்றன. எதிர்வீட்டுக்காரர் குழாயைப் பிடித்தபடி நின்றதில் தண்ணீர் ஒரே செடியின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அவர் படியிலிருந்து இறங்கி வந்து கேட்டின் உட்புறம் நின்றார். கையில் சாப்பாட்டுப் பை. நான் வெளியே போய், "இது வீடு இருக்கிற இடம், எழுத்துல அனுப்புங்க" என்று சொன்ன பிறகு போனார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் அவருடைய புடவையின் முதுகுப்பக்கம் முழுதும் வியர்வையில் நனைந்திருந்தது.

அன்று ஏழு மணி வாக்கில் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு கீழே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"மாசக் கடைசியில வீட்டை ஒழிஞ்சு தாறேன் அண்ணே. ஒப்பந்தப்படி ஒரு மாசம் முன்ன சொல்லணும். இருபது நாள்தான் இருக்கு. பத்து நாள் வாடகையை முன்பணத்திலேருந்து எடுத்துக்கிடுங்க."

என் மனைவி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போதுதான் பேசினார். ஒரே ஒரு மாதத்துக்கு என்றுதான் ஆரம்பித்தாராம். கூலி வந்ததும் அடைத்துவிடலாம் என்று. கூலி வந்தபோது பாதிதான் வந்தது. வாடகையைக் கார்டில் கட்டியதால் கையில் இருந்த சம்பளம் பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக்கும் போனது. கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினார். மீதிக்கு வட்டி ஏறியது. அடுத்த கார்டு தேடிப் போகவே வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மேசை போட்டு உட்கார்ந்து ஊழியர்களுக்குக் கார்டு கொடுத்தார்கள். கூடவே சக்கரம் வைத்த பெட்டி ஒன்று இலவசம். இப்போது எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்குக் கிட்டே.

"அதுல பாதிக்கு மேல வாடகைதான் மைனி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கவுண்டரில் பில்லை விளக்குவது போலச் சொன்னார்.

"ஒரு பத்து நாள் பொறுங்கன்னு சொல்லியிருந்தா நாங்க பொறுத்திருக்க மாட்டோமா?" என்று மனைவி கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "பொறுத்திருப்பியளா அண்ணே?"

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். பொறுத்திருப்பேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். என் மனதில் ஐந்தாம் தேதி வந்தது. ஒரு தவணை தவறினால் பிடிக்கிற அபராதம் வந்தது. அடுத்தடுத்த மாதமும் பத்து நாள் கேட்டால் என்ன செய்வது என்று வந்தது. எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு நொடிதான் இருக்கும்.

"பொறுத்திருப்பேன்" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "சாரமில்ல அண்ணே, விடுங்க. உங்களுக்கும் கடன் உண்டுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு எழுந்து மேலே போனார்.

சொன்னபடி மாதக் கடைசியில் போனார்கள். தக்கலையில் கணவரின் அண்ணன் வீட்டில், பின்பக்கம் ஒரு அறை. அவர் அங்கிருந்து ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்து வேலைக்கு வருவதாக ஏற்பாடு. மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாற்றிச் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பின் நடுவில் மாறுகிறோம் என்று அந்தப் பெண் எங்கள் வீட்டுக் குளியலறையில் போய் அழுதாள், அம்மாவுக்குத் தெரியாமல். சாமான்கள் ஒரு மினி லாரியில் ஏறின. துணிமணி முழுவதும் நான்கு புதுச் சக்கரப்பெட்டிகளில் இருந்தது. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எல்லாம் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார். பத்து நாள் வாடகையைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நின்றார். என் மனைவி முழு அறுபதாயிரத்தையும் அவர் கைப்பைக்குள் திணித்துப் பையைப் பூட்டினாள்.

அதன் பிறகு மாடி மூன்று மாதம் காலியாகக் கிடந்தது. சம்பளத்திலிருந்து தவணை போனது. அரிசியும் பெட்ரோலும் மகனின் கல்லூரிக் கட்டணமும் என் கார்டில் போயின. இரண்டாவது மாதம் வந்த அறிக்கையில் இரண்டு தொகைகள் இருந்தன. ஒன்று மொத்தப் பாக்கி. இன்னொன்று குறைந்தபட்சத் தொகை, மிகச் சிறியது, பார்க்க நன்றாக இருந்தது. அந்தச் சிறிய தொகையைத்தான் கட்டினேன். நாலாவது மாதம் ஒரு குடும்பம் வந்ததால் தப்பித்தேன். வந்திராவிட்டால் எங்கே போய் நின்றிருப்பேன் என்று சொல்ல முடியாது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது. பாறசாலையிலிருந்து ஒரு பெண்மணி. ஓய்வுபெற்ற டீச்சராம். தன்னுடைய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்குக் கேட்டு இன்னார் வந்திருக்கிறார், முன்பு உங்கள் வீட்டில் இருந்ததாகச் சொல்லி நம்பர் தந்தார் என்றார். அவர் நம்பர் தந்தார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஒரு காரியம் கேக்கணும் சாரே. வாடக எல்லாம் எப்படி? நேரத்துக்குத் தருவாங்களா?"

"அஞ்சு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல டீச்சர்" என்றேன். சொன்ன உடனே அது போதாது என்று பட்டது. "ஆனா ஒண்ணு. கஷ்டம்னா அவங்க வாய் திறந்து சொல்லமாட்டாங்க. நீங்கதான் பாத்து..."

டீச்சர் சிரித்தார். "யாரு, அவங்களா? நல்லாயிருக்கு. முன்பணம் பேசும் முன்னயே எல்லாம் சொல்லிட்டாங்க சாரே. சம்பளம் ஏழாம் தேதி, வாடக பத்தாம் தேதிக்குத்தான். புருஷனுக்குக் கூலி நின்னுபோனா அந்த மாசம் ரெண்டு தடவையா தருவாங்களாம். பழைய கடன் கொஞ்சம் உண்டு, மாசாமாசம் அடைச்சிட்டு வாறாங்களாம். சம்மதம் இல்லன்னா இப்பவே சொல்லிரணும், வேற வீடு பாக்கணும்னுட்டாங்க. வாடகையில ஐந்நூறு குறைக்கவும் வச்சிட்டாங்க, கேட்டியளா. அதான் எனக்கு ஒரு சந்தேகம். இப்படிப் பேசுற ஆளு ஒழுங்கா தருமான்னு."

"தருவாங்க டீச்சர். தைரியமா கொடுங்க."

"பின்னே, இவ்வளவு நல்ல ஆளுன்னா உங்க வீட்டை ஏன் ஒழிஞ்சாங்க?"

எந்த வீட்டுக்காரரும் கேட்கிற கேள்விதான். மகள் படிப்பு, ஊர்ப்பக்கம் போகணும் என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"அவங்க பேரில ஒரு குறையும் இல்ல டீச்சர்" என்றேன். "பத்து நாள் பொறுத்திருப்பியளான்னு ஒரு தடவை என்கிட்ட கேட்டாங்க. நான் உடனே பதில் சொல்லல்ல."

டீச்சர், "சரி சாரே. இன்னைக்கே சாவி கொடுக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.